கிணறும் கணக்கும் காவலும்

ஊர்ப் பணம் யாருடைய பணம்? ஊராருடைய பணம். அதில் ஐயமில்லை. வீட்டுவரி கட்டுகிறவர், தண்ணீர்க் கட்டணம் செலுத்துகிறவர், சந்தையிலே கூடையை இறக்கியதும் சுங்கம் கொடுக்கிறவர், எல்லாரும் ஊராரே. அப்படியானால், அந்தப் பணத்தின் முதற்செலவு குடிநீர்க் குழாய்க்கா, தோரண வாயிலுக்கா? சாக்கடைக்கா, சலவைக்கல்லுக்கா? பள்ளிக்கூடத்துக் கூரைக்கா, பெரிய மனிதர் வீட்டுப் பாதைக்கா? காவலர் என்று சட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர் ஊராருக்குக் காவலா, ஊராரின்மீது காவலா? இவற்றைச் சொல்லும் உரிமை யாருக்கு?

‘மக்களுக்கே’ என்று இன்று மாணவன்கூட மறுமொழி சொல்வான். பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்லுகிறது. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்ல இந்த நாட்டு மக்கள் எத்தனை தலைமுறை காத்துக் கிடந்தனர், எவரெவர் வாயிலே பூட்டுத் தொங்கிற்று, அந்தப் பூட்டை உடைத்தவர் யார், இன்னும் உடையாத பூட்டு எது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. அதை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே, பொன்மலையின் அடிவாரத்தில் இருக்கிறது நம் கிணத்துக்கடவு. பேரூராட்சி, வட்டத் தலைநகர், சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர். வானம் பார்த்த பூமி. தக்காளிச் சந்தைக்குப் பேர் பெற்ற ஊர். சந்தையிலே மூட்டை சுமக்கும் தோழரிடம், குழாயடியில் குடத்தோடு நிற்கும் தாய்மாரிடம், விடியலில் கோவை ஆலைக்குப் பேருந்து பிடிக்கும் இளைஞரிடம், ‘ஊர்ப் பணத்தை எதற்குச் செலவிடலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் சொல்வார்கள்: தண்ணீர், சாக்கடை, விளக்கு, மருத்துவம், பேருந்து. வரிசை மாறலாம், பட்டியல் மாறாது. ‘காவல் நிலையத்தைப் பற்றி உங்கள் கருத்து?’ என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். குரல் தணியும். பார்வை பக்கத்தில் திரும்பும். ‘நமக்கெதற்குங்க அந்தப் பேச்சு?’ என்பார்கள்.

முதல் கேள்விக்குத் துணிவோடு விடை. இரண்டாவது கேள்விக்கு அச்சத்தோடு அமைதி! ஏன் இந்த வேற்றுமை? வரலாற்றைப் புரட்டினால் விளங்கும்.

குடவோலைப் பெருமை

நம் நாட்டு மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளாட்சி என்று சொன்ன மாத்திரத்தில் உத்தரமேரூருக்கு ஓடிவிடுவார்கள். ‘மேலை நாட்டார் கண்விழிக்கும் முன்னரே குடவோலையிட்டுக் குடியாட்சி நடத்தினோம்’ என்று குதூகலிப்பார்கள். நல்லது. கல்லில் உள்ளதை நாமும் படிப்போம்.

முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்டவை அந்தக் கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வர முடியாது. அவன் உறவினரும் வர முடியாது. இந்த விதியைக் கண்டு நாம் தலைவணங்குகிறோம். கணக்குக் காட்டாதவனை ஒதுக்கி வைத்த அந்த ஒரு வரிக்காக அந்தக் கல்லைப் போற்றலாம்.

ஆனால் அந்தக் குடத்துக்குள் எவர் பெயர் சென்றது? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35-க்கு மேல், 70-க்குள் வயது வேண்டும். வேதம் ஓதியிருக்க வேண்டும்! நிலம் குறைந்தவனுக்கும் வழி உண்டு. அரைக்கால் வேலி போதும், ஆனால் அவன் ஒரு வேதமும் அதன் உரையும் கற்றவனாக இருக்க வேண்டும். அந்த ஊரின் பெயரே சதுர்வேதிமங்கலம். பார்ப்பனருக்கு விடப்பட்ட ஊர். ஏரியைத் தூர்வாரியவன் பெயர் குடத்துக்குள் இல்லை. வயலை உழுதவன் பெயர் இல்லை. பெண்ணின் பெயர் இல்லை. வேதத்தைக் காதால் கேட்பதே குற்றம் என்று விலக்கப்பட்ட மக்கள், வேதம் ஓதியிருந்தால் வாரியத்துக்கு வரலாம் என்ற விதியின்முன் என்ன செய்திருக்க முடியும்?

முறை இருந்தது; மக்கள் இல்லை. ஆகவே, தோழர்களே, பழம்பெருமையைப் பாராட்டுகிறவர்களிடம் பணிவோடு ஒரு சொல் சொல்வோம்: கணக்குக் கேட்கும் பழக்கத்தை அந்தக் கல்லிலிருந்து எடுத்துக்கொள்வோம், கதவடைக்கும் வழக்கத்தை அந்தக் கல்லிலேயே விட்டுவிடுவோம்.

வரியும் தடியும்

சோழரும் போயினர், பின்வந்த அரசர்களும் பாளையக்காரரும் போயினர், கும்பினியார் வந்தனர். 1804-இல் கோயமுத்தூர் ஒரே ஜில்லாவாக ஆயிற்று. குடியானவனிடம் நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறை வேரூன்றியது. 1816-இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டங்கள் கலெக்டர் கையிலே மாஜிஸ்திரேட்டு அதிகாரத்தையும் காவல் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தன. அவருக்குக் கீழே தாசில்தார். அவருக்குக் கீழே சேவகர்கள். வரி கேட்டு வருகிறவரும் அவரே. வழக்கு விசாரிக்கிறவரும் அவரே. தடியெடுத்து அடிக்கிறவரும் அவரே! எவரைப்பற்றி எவரிடம் முறையிடுவது?

விளைவு என்ன? வரி கட்ட வழியில்லாதவனைக் கொளுத்தும் வெயிலில் நிறுத்தினார்கள். குனியவைத்துக் கயிற்றால் கட்டினார்கள். விரல்களைக் கிட்டி போட்டு நெரித்தார்கள். கண்ணிலே மிளகாய்ப் பொடி தூவினார்கள். இவை கற்பனைக் கதைகள் அல்ல. வெள்ளையர் அமைத்த குழுவே விசாரித்து எழுதி வைத்த உண்மைகள்.

அந்தக் குழு எப்படி வந்தது? 1852-இல் சென்னைச் சுதேசி சங்கத்தை நிறுவியவர் கசுலு லட்சுமிநரசு செட்டி. அந்தச் சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு முறையீடு அனுப்பியது. மறு ஆண்டு டான்பி செய்மூர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, அவரை அழைத்துச் சென்று குடியானவர்களின் நிலையைக் காட்டினார் லட்சுமிநரசு. லண்டனில் பேச்சு எழுந்தது. 1854-இல் சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. 1855-இல் அறிக்கை வந்தது. வந்து குவிந்த முறையீடுகள் 1,959. நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். மடல் மூலம் சொன்னவை 1,440.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ரயில் இல்லாத காலம். படிப்பு இல்லாத மக்கள். அடித்தவன் ஊரிலேயே இருக்கிறான். திரும்பிப் போனால் மீண்டும் அடிப்பான். அப்படியிருந்தும் சென்னைக்கு வந்து ‘என்னை அடித்தார்கள்’ என்று சொன்னவர்கள் 519 பேர்! குடவோலைக் குடத்துக்குள் இடம் பெறாத மக்களின் குரல் ஏட்டிலே ஏறிய இடங்களில் இது ஒன்று. இந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டுதான் 1857-இல் காரல் மார்க்ஸ், அமெரிக்க நாளேடு ஒன்றில் கும்பினி ஆட்சியைத் தோலுரித்தார்.

வரி வாங்கும் கையையும் தடி பிடிக்கும் கையையும் பிரிக்கவேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தது. அதன் பயனாகத்தான் 1859-இல் 24-ஆம் சட்டம், அதாவது மாவட்டக் காவல் சட்டம், பிறந்தது. இந்தியா முழுமைக்கும் காவல் சட்டம் வந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1861-இல். ஆகவே காவல் துறை என்ற தனித்துறையின் பிறப்பிலேயே மக்களின் முறையீடு இருக்கிறது. ஆனால் பிறந்த துறை யாருக்குப் பொறுப்பாயிற்று? மக்களுக்கா? இல்லை, மேலதிகாரிக்கு. 1902-இல் அமைந்த பிரேசர் குழுவும் காவல்துறை ஊழல் மலிந்தது, மக்களை ஒடுக்குவது என்றுதான் எழுதியது. கை பிரிந்தது, தடி குறையவில்லை.

கோவையின் தாகம்

காவல் கதை அப்படியிருக்க, கணக்குக் கதையைப் பார்ப்போம். 1866-இல் கோவை நகராட்சி ஆயிற்று. 1882-இல் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1884-இல் சென்னை மாகாணத்தில் தல ஸ்தாபனச் சட்டங்கள் வந்தன. போர்டுகள் வந்தன, தலைவர்கள் வந்தனர், மாலைகள் வந்தன. வாக்கு மட்டும் வரி கட்டும் வசதியுள்ள சிலருக்கே இருந்தது.

அந்தச் சிலருக்குள்ளும் தொலைநோக்கு உடையவர்கள் இருந்தார்கள் என்பதை மறைப்பது அறமன்று. 1880-களின் இறுதியில், சே. ப. நரசிம்மலு நாயுடு என்ற இதழாளர், நகரமன்ற உறுப்பினர், மேற்கு மலையின் சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்றார். செலவு மிகுதி என்ற சொல் குறுக்கே நின்றது. கிணறும் குளமும் வற்றிய ஊரில் மக்கள் குடத்தோடு அலைந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்தது. வீதி வீதியாக மக்கள் மாண்டார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள்.

மக்கள் என்ன செய்தார்கள்? பிளேக் மாரியம்மன் என்று ஒரு புதிய அம்மனைப் படைத்து, கோவில் கட்டிக் கும்பிட்டார்கள்! கோவைப் பகுதியிலே இன்றும் அந்தக் கோவில்கள் நிற்கின்றன. நாம் அவர்களைப் பார்த்து நகைக்கவில்லை. எலியின் உடலில் வாழும் தெள்ளுப் பூச்சியால் நோய் பரவுகிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? தெருவைத் துப்புரவாக்கு, சாக்கடை வெட்டு, நெருக்கடியான சந்துகளை விரித்துவிடு என்று கேட்கும் வாக்குரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? கேட்க மன்றம் இல்லாதவன் கும்பிடக் கல்லைத் தேடுகிறான். மூடநம்பிக்கை முளைப்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. கேட்பாரற்ற நிலையும் காரணம். இதை நம் பகுத்தறிவுப் பாசறைத் தோழர்கள் நெஞ்சில் நிறுத்தவேண்டும்.

இறுதியில், நகராட்சித் தலைவராக இருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் முயற்சியால் 1929-இல் சிறுவாணி நீர் கோவைக்கு வந்தது. அவர் பெயரில்தான் ஆர். எஸ். புரம் விளங்குகிறது. யோசனை பிறந்ததற்கும் தண்ணீர் வந்ததற்கும் இடையே ஏறக்குறைய 40 ஆண்டு! ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, தாகத்தோடு முதுமை எய்தும் காலம். அன்றைய கோவை ஜில்லாவுக்குட்பட்ட ஈரோட்டிலே, பெரியார் நகராட்சித் தலைவராக இருந்தபோது குடிநீர்த் திட்டத்துக்கே முதலிடம் கொடுத்தார் என்பதையும் இங்கே நினைவுகூர்வோம். 1919-இல் அவர் அந்தப் பதவியைத் துறந்தார். தண்ணீர் நின்றது, பெயரும் நின்றது.

கிணற்றுக்கு வந்த சட்டம்

தண்ணீர் வந்துவிட்டால் போதுமா? யார் மொள்ளுவது?

நம் ஊரின் பெயரிலேயே கிணறு இருக்கிறது. கொங்கு நாட்டில் கிணறு என்பது வெறும் நீர்நிலை அன்று, சாதியின் எல்லைக்கல். பொதுப்பணத்தில் வெட்டிய கிணறு. பஞ்சமன் தொட்டால் தீட்டு! வரிப்பணத்தில் போட்ட பாதை. அவன் நடந்தால் குற்றம்! அவன் கொடுத்த காசுக்குத் தீட்டில்லை. அவன் கைக்குத் தீட்டு!

1924 ஆகஸ்டில், இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பாதை, பொதுக்கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்த எந்த வகுப்பாருக்கும் தடையில்லை என்பது அதன் சாரம். நீதிக்கட்சி ஆட்சி அதை ஏற்று அரசாணையாக வெளியிட்டது. அதே 1924-இல்தான் வைக்கத்தில் கோவில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆணை வந்தது, ஆனால் தடுப்பவனுக்குத் தண்டனை இல்லை. தண்டனை இல்லாத ஆணை, பல்லில்லாத பாம்பு.

அந்தப் பாம்புக்குப் பல் முளைக்கச் செய்தவர் நம் கோவையைச் சேர்ந்தவர். ஆதிதிராவிட மக்களின் பிரதிநிதியாகச் சட்டமன்றத்தில் அமர்ந்த ஆர். வீரையன், தல ஸ்தாபனச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். பொதுக்கிணற்றையும் பொதுப்பாதையையும் பயன்படுத்துவோரைத் தடுத்தால் தண்டம் என்பது 1926-இல் சட்டமாயிற்று. கொங்கு நாட்டு இளைஞர் எத்தனைபேர் வீரையனின் பெயரை அறிவர்? நம் வகுப்பறைகளில் எத்தனை நாள் அந்தப் பெயர் ஒலித்திருக்கிறது? பாளையக்காரரின் குதிரைக்கும் பெயர் தெரியும் நமக்கு. கிணற்றைத் திறந்தவரின் பெயர் தெரியாது!

பம்பாய் மாகாணத்திலும் இதேபோன்ற தீர்மானம் 1923-இல் நிறைவேறியிருந்தது. ஆயினும் மகாடு நகரின் சௌதார் குளத்தில் ஒரு கை நீர் அள்ள, 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. ஏட்டில் எழுதிய உரிமை, எழுந்து நடந்து சென்று எடுத்துக்கொண்டால்தான் உரிமையாகிறது. இதுதான் கிணற்றின் பாடம். உள்ளாட்சியின் பாடமும் இதுவே.

நாற்காலியும் நாதியற்ற நாட்களும்

1950-இல் குடியரசு வந்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்ற நெறி வந்தது. 1958-இல் புதிய பஞ்சாயத்துச் சட்டம், பின்னர் ஊராட்சி ஒன்றியங்கள். நல்ல தொடக்கம். ஆனால் வாக்கு இருந்தால் போதாது, வாக்களிக்கும் நாள் வரவேண்டும். 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986-இல்! எந்தக் கட்சி ஆண்டாலும், தலைநகரில் அமர்ந்தவருக்கு ஊர்மன்றம் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. நம்மவர் ஆட்சி என்பதற்காக இதை நாம் மறைக்கலாகாது. மாநில உரிமை கேட்கும் நாம், ஊருக்கு உரிமை மறுத்தால் அது என்ன நீதி?

1992-இல் நாடாளுமன்றம் 73-ஆம், 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் ஆயிற்று. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996-இல் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கீடு.

ஒதுக்கீட்டு நாற்காலியை ஆதிக்கச் சாதி எப்படிப் பார்த்தது? மதுரை மாவட்டம் மேலவளவில், மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து தோழர்களும் 1997 சூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்தாண்டுக்காலம் தலைவர் தேர்தலே நடத்தவிடவில்லை. 2006-இல்தான் முறையாக நடந்தது. ஊராட்சித் தலைவர் பதவி அற்பமானது என்பாருக்கு இது மறுமொழி. அற்பமான நாற்காலிக்காகவா ஆறு உயிரைப் பறிப்பார்கள்? ஊர்க்கணக்கில் கையெழுத்திடும் கை எவருடையது என்ற கேள்வியைச் சாதி நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறது. நாம்தான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் தொடங்கிற்று. நகராட்சி, பேரூராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். அதாவது, ஐந்தாண்டுக்கும் மேலாகக் கிணத்துக்கடவுப் பேரூராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை! கொரோனா வந்து கொன்ற காலமும் அந்த இடைவெளிக்குள்தான் வந்தது. தெருவில் மருந்து தெளிக்கக் கேட்க வேண்டுமா? பூட்டிய வீட்டுக்கு அரிசி கேட்க வேண்டுமா? கேட்பதற்கு மனுவும் அலுவலரும் உண்டு. கேட்காவிட்டால் வாக்குப் போய்விடுமே என்று அஞ்சும் உறுப்பினர் இல்லை. தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5-இல் முடிந்தபோதும் தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். இது விபத்தா? ஒருமுறை நடந்தால் விபத்து. மீண்டும் மீண்டும் நடந்தால் அது வழக்கம்.

பணத்தின் கதையையும் பார்ப்போம். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு வகுத்த மானியத்தில், 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. நல்ல பணிகள்தாம், மறுப்பில்லை. ஆனால் டில்லியில் முன்னுரிமை வகுத்து அனுப்பிவிட்டால், ஊரார் கூடி ஆராய மிஞ்சுவது என்ன? வாளையாற்றைத் தாண்டினால், நமக்கு மேற்கே கேரளம். அங்கே 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, ‘ஊர்கூடித் தீர்மானியுங்கள்’ என்றார்கள். பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் 1989-இல் நகர வரவு செலவுத் திட்டத்தையே குடிமக்கள் கூட்டங்களின் முன் வைத்தார்கள். குடிசைப் பகுதி மக்கள் கையுயர்த்திக் கேட்டவை என்ன? குடிநீர், கழிவுநீர்க் குழாய், பாதை. நம் சந்தைத் தொழிலாளி சொல்லும் பட்டியலேதான்! ஏழையின் பட்டியல் உலகெங்கும் ஒன்றுதான். அதைக் கேட்கும் காதுதான் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

தடி இன்னும் திரும்பவில்லை

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். தண்ணீரைப் பற்றித் துணிவாகப் பேசுகிறவர் காவலைப் பற்றி ஏன் குரலைத் தணிக்கிறார்?

அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள்கள். 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு 18 பொருள்கள். குடிநீர் உண்டு, சாலை உண்டு, விளக்கு உண்டு, சுடுகாடும் உண்டு. காவல் இல்லை! அது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இருக்கட்டும்; ஊருக்கு ஒரு படை என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கொடுத்தால் ஊர்ப்பெரியவரின் அடியாட்படையாகிவிடும் ஆபத்தும் உண்டு. மேலவளவை அறிந்த நாம் அதை அறியோமா? ஆனால் காவலரின் நடத்தையைப் பற்றி ஊரார் முறையாகப் பேச ஒரு மன்றம் வேண்டாமா?

1992 சூன் 20-இல், சந்தனக்கட்டைத் தேடல் என்ற பெயரில், தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்களின் சிற்றூருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், பெண்களைச் சிதைத்தார்கள். 2011-இல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்றது நீதிமன்றம்; அதற்குள் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரில் வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த் துறையினர் 5 பேர். 2023-இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1859-இல் பிரித்த கைகள் 1992-இல் வாச்சாத்தியில் மீண்டும் சேர்ந்து நின்றதைக் கண்டீர்களா? அவற்றை எதிர்த்து வென்றது எது? எழுத்தறியாத மலைமக்களின் சாட்சியம். சென்னைக்கு வந்து முறையிட்ட அந்த 519 பேரின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், காவலர்மீதான முறையீடுகளை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் தனி ஆணையங்கள் அமையவேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய சட்டமோ, மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் கலெக்டரையும் தலைமையில் அமர்த்தியது. அதிகாரியைப்பற்றி அதிகாரியிடமே முறையிடு! 1816-இன் வாடை அடிக்கவில்லையா?

தண்ணீருக்கு மன்றம் கிடைத்தது. அதனால் துணிவு கிடைத்தது. காவலுக்கு மன்றம் கிடைக்கவில்லை. அதனால் அச்சம் நீடிக்கிறது. துணிவு பிறவிக் குணமன்று, தலையெழுத்தும் அன்று. கேட்டால் விடை கிடைக்கும் என்ற இடத்தில் துணிவு தானே வளரும்.

எழுந்து செல்லுங்கள்

ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் 2022-இல் சேர்க்கப்பட்டன. ஊரின் வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் அந்தச் சபையின் முன் வைக்கவேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1-இல் பகுதி சபைகள் கூடின. தகவல் அறியும் உரிமையைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் 1997-இல் தமிழ்நாடு. 2005-இல் நாடு முழுமைக்கும் அது வந்தது. கருவிகள் கையிலே இருக்கின்றன.

இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? ஏற்கெனவே எழுதி வைத்த தீர்மானத்தைப் படித்துக் கையெழுத்து வாங்கிக் கலைந்து போகும் கூட்டத்தை ‘வீண்வேலை’ என்று ஒதுக்குகிறோம். நாம் ஒதுங்கிய இடத்தில் ஒப்பந்தக்காரர் உட்காருகிறார். படித்த இளைஞர் பின்வரிசையில்கூட இல்லை. ஊர்ப்பெரியவர் முன்வரிசை முழுவதையும் நிரப்பிக்கொள்கிறார். பிறகு ‘நாடு கெட்டுவிட்டது’ என்று தேநீர்க் கடையிலே தீர்ப்பு எழுதுகிறோம்!

பகுத்தறிவு என்பது கடவுளைக் கேள்வி கேட்பதோடு முடிவதன்று, தோழர்களே. கணக்கைக் கேள்வி கேட்பதும் பகுத்தறிவே. ‘இந்தத் தெருவுக்கு ஏன் சாக்கடை வரவில்லை? சேரிக்குப் போகும் குழாய் ஏன் கடைசியில் போடப்படுகிறது? தேர்தல் ஏன் நடக்கவில்லை? காவல் நிலையத்துக்குச் சென்ற பெண்ணின் முறையீட்டுக்கு ஏன் இரசீது இல்லை?’ இவை சிறிய கேள்விகள். சிறுவாணியும் ஒருநாள் நகரமன்றத்தில் எழுந்த ஒரு சிறிய கேள்விதான்.

அடுத்த பகுதி சபைக்குச் செல்லுங்கள். தனியே செல்லாதீர்கள், குழாயடித் தாய்மாரை அழைத்துச் செல்லுங்கள், சந்தைத் தொழிலாளரை அழைத்துச் செல்லுங்கள், இதுவரை அழைக்கப்படாத தெருவினரை முதலில் அழைத்துச் செல்லுங்கள். வரவு செலவுத் தாளைக் கேட்டு வாங்கி அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதைத் தீர்மான ஏட்டில் எழுதச் செய்யுங்கள். காவல் பற்றியும் அங்கே ஒரு சொல் எழட்டும். அதிகாரம் இல்லை என்பார்கள். இல்லாவிட்டாலும் தீர்மானமாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முறையிடும் அதிகாரத்தை 1854-இல் அந்த மக்களுக்கு யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

வீரையன் திறந்த கிணறு இது. நீர் மொள்ளும் வேலை நம்முடையது.